விட்டுவிட்டு வேலை செய்யும் ஸ்டார்ட்டர்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

சாவியைத் திருப்பியதும் ஒரு நாள் எஞ்சின் உடனே ஓடத் தொடங்குகிறது. மறுநாள் ‘டக்’ என்ற ஒற்றை ஒலியோடு எல்லாம் அடங்கிவிடுகிறது. நான்காவது முறை திருப்பினால் எதுவுமே நடவாததுபோல் மீண்டும் ஓடுகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சூழ்ந்த சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், இசிபிங்கோ, வெருலம், டோங்காட் ஆகிய இடங்களில் நம் குடும்பங்கள் பல இன்னமும் நம்பி ஓட்டிவரும் டொயோட்டா டாஸ், பழைய கொரோலா, சிட்டி கோல்ஃப் முதலிய வண்டிகளில் இந்தக் கோளாறு மிகவும் பழக்கமானது. டாஸின் உற்பத்தி 2006-லும் சிட்டி கோல்ஃபின் உற்பத்தி 2009-லும் நின்றுவிட்டன. ஆகவே இவற்றில் மிக இளையதற்குக்கூடப் பதினைந்து வயது தாண்டிவிட்டது. அந்த வயதுள்ள வண்டியின் சந்தை மதிப்போடு ஒப்பிட்டால், எஞ்சினைச் சுழற்றித் தொடக்கிவைக்கும் மின்மோட்டாரான ஸ்டார்ட்டரை அசலாகப் புதிதாக வாங்கும் விலை சுமையாகவே தெரியும் என்பதால், உரிமையாளர் பல வழிகளை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது: பேட்டரியை மட்டும் மாற்றிப் பார்ப்பது, ஸ்டார்ட்டரைக் கழற்றித் தேய்ந்த உறுப்புகளை மட்டும் புதுப்பிப்பது, பழையதைக் கொடுத்துவிட்டுப் புதுப்பிக்கப்பட்ட வேறொன்றை வாங்கிக்கொள்வது, ஸ்கிராப்யார்டில் ஒன்றைத் தேடிப் பிடிப்பது, மலிவான புதியதை வாங்குவது, அல்லது கார் நிறுவனத்தின் அசலையே வாங்கிவிடுவது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் வாங்கக் கூடாது. அளந்த பிறகு, பழுது ஸ்டார்ட்டருக்குள்தான் இருக்கிறது என்று உறுதியானால், பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதனுடைய சொந்த ஸ்டார்ட்டரையே நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் புதுப்பிப்பதுதான் மற்ற வழிகளைவிடச் சிறந்தது. இதற்கு விலக்குகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன். ஆனால் வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் நோய் எங்கே என்பதைக் கண்டுபிடிக்கும் முறையைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் இந்தக் கோளாறில் பணம் வீணாவது தவறான பாகத்தைத் தேர்ந்தெடுப்பதால் மட்டுமல்ல, நல்ல நிலையில் உள்ள பாகத்தைக் கழற்றி எறிவதாலும்தான்.

எஞ்சினைச் சுழற்றும் மின்சாரம் இரண்டு பாதைகளில் செல்கிறது. முதலாவது சிறிய மின்னோட்டம் செல்லும் கட்டளைப் பாதை. சாவி சுவிட்சில் தொடங்கி, திருட்டைத் தடுக்கும் கருவியான இம்மொபிலைசர், கிளட்ச் சுவிட்ச் அல்லது ஆட்டோமேட்டிக் கியரில் நியூட்ரல் சுவிட்ச், மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்சான ரிலே ஆகியவற்றைக் கடந்து, ஸ்டார்ட்டரின் மேல் அமர்ந்திருக்கும் மின்காந்த சுவிட்சான சொலினாய்டின் சிறிய முனைக்கு அது வந்து சேர்கிறது. அந்த முனைக்கு 50 என்று எண்ணிட்டிருப்பார்கள். இரண்டாவது பெரிய மின்னோட்டம் செல்லும் பாதை. பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் வழியாக 30 என்ற எண்ணுள்ள பெரிய போல்ட்டுக்கும், சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புத் தொடுமுனைகள் வழியாக மோட்டாருக்கும் சென்று, மோட்டாரின் உடல், எஞ்சின், எர்த் கேபிள் ஆகியவற்றின் வழியாக அது பேட்டரிக்கே திரும்புகிறது. சிறிய பெட்ரோல் எஞ்சினைச் சுழற்ற இந்தப் பாதையில் ஏறத்தாழ 100 முதல் 200 ஆம்பியர் வரை ஓட வேண்டும். இவ்வளவு பெரிய மின்னோட்டத்தில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை கூடப் பெரிய கேடு செய்யும்: 150 ஆம்பியர் அந்தத் தடையைக் கடக்கும்போது 1.5 வோல்ட் அங்கேயே வெப்பமாகக் கரைந்துவிடும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் பேட்டரி முனையின் அடியில் படிந்த மெல்லிய வெள்ளைப் படலம் அவ்வளவு தடையைத் தந்துவிடக் கூடியது. பிளஃப், அமன்சிம்டோட்டி, உம்ஷ்லாங்கா போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று இந்தப் படலத்தையும் எர்த் கேபிளின் அரிப்பையும் விரைவுபடுத்துகிறது என்பதை அங்கே வண்டி வைத்திருப்போர் நினைவில் கொள்ள வேண்டும்.

சொலினாய்டுக்குள் இரண்டு சுருள்கள் இருக்கின்றன. ஒன்று உலக்கைத் தண்டை வலுவாக உள்ளிழுக்கும் இழுசுருள். மற்றொன்று இழுத்த தண்டை அங்கேயே நிறுத்தி வைக்கும் பிடிசுருள். இழுசுருளின் மறுமுனை நேரடியாக எர்த்தில் இணைக்கப்படுவதில்லை. மோட்டாரின் சுழலும் பகுதிக்கு உரசியபடி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்கள் வழியாகத்தான் அது எர்த்தைச் சென்றடைகிறது. இந்தச் சிறு விவரம் நோயறிதலில் பெரிய பங்கு வகிக்கிறது. பிரஷ்கள் தேய்ந்து, அவை உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரைத் தொடாமல் போனால் இழுசுருளுக்கும் வழி அடைபட்டுவிடும். பிடிசுருள் தனியாகத் தண்டை இழுக்கும் வலிமை அற்றது. ஆகவே சொலினாய்டு எந்த ஒலியும் எழுப்பாமல் இருந்துவிடும். ‘டக்’ ஒலி கேட்கவில்லையென்றால் ஸ்டார்ட்டரில் பிழையில்லை, சாவி சுவிட்சில்தான் பிழை என்று சிலர் உறுதியாகச் சொல்வதைக் கேட்டு நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஒலியைக் கேட்பது தொடக்கத்துக்கு உதவும், முடிவுக்கு உதவாது. ‘டக டக டக’ என்று தொடர்ந்து படபடத்தால் பெரும்பாலும் பேட்டரி வலுவிழந்திருக்கிறது அல்லது அதன் முனைகள் சரியாகத் தொடவில்லை. அரிதாகப் பிடிசுருள் அறுந்திருக்கலாம். ஒற்றை ‘டக்’ ஒலிக்குப் பின் அமைதி என்றால் செம்புத் தொடுமுனைகளின் தேய்மானமே முதல் சந்தேகம். மோட்டார் வேகமாகச் சுழலும் இரைச்சல் கேட்டும் எஞ்சின் அசையாவிட்டால், மோட்டாரின் சுழற்சியை ஒரு திசையில் மட்டும் பல் சக்கரத்துக்குக் கடத்தும் ஒருவழி கிளட்ச் நழுவுகிறது. கரகரவென்று உலோகம் அரைபடும் ஒலி வந்தால் ஸ்டார்ட்டரின் பல் சக்கரம், எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் விளிம்பிலுள்ள ரிங் கியரோடு ஒழுங்காகச் சேரவில்லை. ஒலியோடு சேர்த்து ஹெட்லைட்டையும் கவனிக்கலாம். விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்பும்போது ஒளி மிக மங்கினால், பேட்டரியோ அதன் இணைப்புகளோ தளர்ந்துள்ளன, அல்லது மோட்டார் இறுகி நிற்கிறது. ஒளி சிறிதும் மங்காவிட்டால் பெரிய மின்னோட்டம் ஓடவே தொடங்கவில்லை என்று பொருள்.

இனி மல்டிமீட்டர். நேர்மின்னோட்ட (DC) வோல்ட் அளவில் 20 என்ற நிலையில் அதை வைத்தால் போதும். விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வண்டியை ஒரு இரவு நிறுத்தி வைத்த பிறகு பேட்டரியின் வோல்ட் அளவு 12.6-க்கு அருகில் இருந்தால் அது முழுமையாக மின்னேற்றம் பெற்றிருக்கிறது, 12.2 என்றால் பாதியளவுதான். ஆனால் இந்த ஓய்வு அளவு மட்டும் பேட்டரியின் திறனைச் சொல்லாது. எஞ்சினைச் சுழற்றும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுகிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான சோதனை. பேட்டரி தேறிவிட்டால் அடுத்தது வோல்ட் இழப்புச் சோதனை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்மின் தூணிலும் (கிளாம்பில் அல்ல, ஈயத் தூணிலேயே), மற்றொன்றை ஸ்டார்ட்டரின் 30 போல்ட்டிலும் வைத்து, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். அப்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தக் கேபிளில் அல்லது அதன் முனைகளில் தடை இருக்கிறது. எதிர்மின் தூணுக்கும் ஸ்டார்ட்டரின் உடலுக்கும் இடையே 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதை பழுது. சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு இடையே அதே அளவுக்கு மேல் காட்டினால் உள்ளிருக்கும் தொடுமுனைகள் தேய்ந்துவிட்டன. வண்டி கியரில் இல்லை, கைப்பிரேக் போடப்பட்டிருக்கிறது, மீட்டரின் கம்பிகள் மின்விசிறியிலோ பெல்ட்டிலோ சிக்காது என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே இவற்றைச் செய்ய வேண்டும்.

இந்தச் சோதனைகளின் குறை என்னவென்றால், வண்டி ஒழுங்காக இயங்கும் நேரத்தில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். பட்டறைக்குக் கொண்டுபோன வண்டி அங்கே பத்து முறை திருப்பினாலும் பத்து முறையும் ஓடும். திரும்பி வந்து வீட்டு வாசலில் நிறுத்தியதும் மீண்டும் முரண்டு பிடிக்கும். இதற்கு மிக எளிய வழி ஒன்று உண்டு. இதை ஏன் அதிகம் பேர் செய்வதில்லை என்பது எனக்குப் புரிவதில்லை. இரண்டு சிறிய 12 வோல்ட் பல்புகளை எடுத்து, ஒன்றின் கம்பியைச் சிறிய ஃபியூஸ் வழியாக 50 முனைக்கும், மற்றொன்றின் கம்பியை அதேபோல் ஃபியூஸ் வழியாகச் சொலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் செல்லும் பெரிய போல்ட்டுக்கும் இணைத்து, மறுமுனைகளை எர்த்தில் சேர்த்து, பல்புகளை ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் தற்காலிகமாக ஒட்டிவிட வேண்டும். கம்பிகள் சூடான புகைக்குழாயைத் தொடாமல் செல்வது முக்கியம். பிறகு வழக்கம்போல் வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்கலாம். கோளாறு வரும் அந்தக் கணத்தில், முதல் பல்பு எரியவில்லையென்றால் பிழை கட்டளைப் பாதையில் இருக்கிறது. ஸ்டார்ட்டரைத் தொடவே வேண்டாம். முதல் பல்பு எரிந்து இரண்டாவது எரியாவிட்டால் சொலினாய்டின் தொடுமுனைகள் சேரவில்லை. இரண்டும் பிரகாசமாக எரிந்தும் மோட்டார் சுழலாவிட்டால் பிரஷ், கம்யூட்டேட்டர் பக்கம் பிழை. இரண்டும் மங்கி எரிந்தால் பேட்டரி, கேபிள், அல்லது இறுகிப்போன மோட்டார். ஒரே ஒரு முறை கோளாறு வந்தால் போதும், விடை கிடைத்துவிடும்.

தென்னாப்பிரிக்காவில் கட்டளைப் பாதையைத் தனியாகச் சந்தேகிக்க வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. வாகனத் திருட்டைக் கருத்தில் கொண்டு காப்பீட்டு நிறுவனங்கள் பல ஆண்டுகளாகவே பழைய வண்டிகளுக்கு வீசா (VESA) எனும் வாகனப் பாதுகாப்புச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற இம்மொபிலைசர் பொருத்தப்பட வேண்டும் என்று கேட்டுவந்தன. வாகனம் தயாரான பிறகு வெளியே பொருத்தப்பட்ட இந்தக் கருவிகளில் பல, ஸ்டார்ட்டருக்குச் செல்லும் கம்பியை வெட்டி அதன் நடுவே தம் ரிலேயை நுழைத்திருக்கின்றன. டாஷ்போர்டுக்கு அடியில் கறுப்பு டேப் சுற்றி மறைக்கப்பட்ட அந்த இணைப்புகளும் ரிலேயின் தொடுமுனைகளும் இருபது ஆண்டு வெப்பத்துக்கும் அதிர்வுக்கும் பிறகு தளர்ந்துபோவதில் வியப்பில்லை. அப்படிப்பட்ட வண்டியில் எத்தனை புதிய ஸ்டார்ட்டர் பொருத்தினாலும் கோளாறு நீங்காது. முதல் பல்பு எரியாத வண்டியை நேராக இம்மொபிலைசர் பழுது பார்ப்பவரிடம் கொண்டுசெல்வதே முறை. கம்பியை நேராக முறுக்கி இணைத்து அந்தக் கருவியை ஒதுக்கிவிடுவது எளிதாகத் தோன்றினாலும், திருட்டு நடந்தால் காப்பீட்டுக் கோரிக்கையை அது பாதிக்கக்கூடும்.

சூடான எஞ்சினில் மட்டும் வரும் கோளாறு வேறொரு வகை. ஜோகானஸ்பர்க் நோக்கி N3 நெடுஞ்சாலையில் மலையேறி ஹாரிஸ்மித்தில் பெட்ரோலுக்கு நிறுத்திய வண்டி மறுபடி கிளம்ப மறுக்கிறது, அரைமணி நேரம் ஆறியதும் கிளம்புகிறது என்றால், புகைக்குழாயின் வெப்பம் ஸ்டார்ட்டரில் ஏறியிருக்கிறது. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடும். 20 டிகிரியில் இருந்த சுருள் 100 டிகிரிக்கு ஏறினால் அதன் தடை முப்பது விழுக்காட்டுக்கும் மேல் அதிகரித்துவிடும். அந்த நிலையில் தேய்ந்த சாவி சுவிட்சும் நீண்ட மெல்லிய கம்பியும் சேர்ந்து 50 முனைக்கு வரும் வோல்ட் அளவை மேலும் குறைத்தால் சொலினாய்டுக்கு வலு போதாது. இதற்கு ஸ்டார்ட்டரை மாற்றுவது மட்டுமே தீர்வல்ல. பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் பெற்று 50 முனைக்குக் கொடுக்கும் ரிலே ஒன்றைச் சேர்ப்பது, குறிப்பாகப் பழைய ஃபோக்ஸ்வாகன் வண்டிகளில், பல ஆண்டுகளாகப் பலன் தந்துவரும் மலிவான வழி. ஆனால் அது சாவி சுவிட்சின் தேய்மானத்தை ஈடுகட்டுகிறதே தவிர, உள்ளே தேய்ந்த தொடுமுனைகளையோ பிரஷ்களையோ குணப்படுத்துவதில்லை. பல்பு சோதனையில் 50 முனைக்குப் போதிய மின்சாரம் வந்தும் மோட்டார் சுழலாத வண்டிக்கு ரிலே போடுவது வீண்.

வழிகளின் ஒப்பீட்டுக்கு வருவோம். பேட்டரி முனைகளையும் கேபிள்களையும் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குவது எல்லோரும் முதலில் செய்ய வேண்டியது; அதற்குச் செலவே இல்லை. எர்த் கேபிள் பச்சை பூத்து உட்கம்பிகள் அரிக்கப்பட்டிருந்தால் புதிதாக மாற்றிவிட வேண்டும். வெளியே சுரண்டித் தேய்த்துப் பயனில்லை. பேட்டரியை மாற்றுவது மட்டும் சோதனைக்குப் பிறகே. பழைய பேட்டரி சுழற்றும்போது 10 வோல்ட்டுக்கு மேல் தாங்கி நிற்கிறதென்றால், புதியது வாங்குவதால் இந்தக் கோளாறு நீங்காது. புதிய பேட்டரியின் கூடுதல் வலுவில் தேய்ந்த ஸ்டார்ட்டர் சில வாரங்கள் ஓடுவதும், உரிமையாளர் நோய் தீர்ந்ததென்று நம்புவதும், பிறகு அது மறுபடி தலைகாட்டுவதும் வழக்கமாக நிகழ்வதுதான்.

தேய்ந்த உறுப்புகளை மட்டும் மாற்றுவது எந்த ஸ்டார்ட்டர் என்பதைப் பொறுத்தது. டொயோட்டா வண்டிகளில் பரவலாகக் காணப்படும் டென்ஸோ கியர் வகை ஸ்டார்ட்டரில் சொலினாய்டின் மூடியைச் சிறிய போல்ட்டுகளைக் கழற்றித் திறக்கலாம். உள்ளே இரண்டு செம்புத் தொடுமுனைகளும், அவற்றை இணைக்கும் செம்புத் தட்டைத் தாங்கிய தண்டும் இருக்கும். ஒவ்வொரு முறை எஞ்சினைச் சுழற்றும்போதும் தீப்பொறி பறந்து செம்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. பேட்டரி பக்கத்துத் தொடுமுனைதான் பெரும்பாலும் முதலில் தேயும். ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டால் தட்டு இரண்டையும் ஒருசேரத் தொட முடியாது. சில முறை திருப்பும்போது தண்டு சற்றே சுழன்று தட்டின் தேயாத பகுதி தொடுமுனைக்கு நேராக வந்தால் தொடர்பு கிடைத்துவிடும். ‘டக், டக், டக், பிறகு ஓட்டம்’ என்ற அந்தப் பழகிய வரிசைக்கு இதுவே விளக்கம். தொடுமுனைகளின் விலை முழு ஸ்டார்ட்டரின் விலையோடு ஒப்பிடத்தக்கதே அல்ல. வீட்டிலேயே மாற்றத் துணிபவர்கள் முதலில் பேட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் 30 போல்ட்டில் சாவி இல்லாதபோதும் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். தட்டிலும் பள்ளம் விழுந்திருந்தால் தண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். மூடும் முன் தட்டு இரு முனைகளையும் ஒரே சமயத்தில் தொடுகிறதா என்று கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். இதில் கிடைக்கும் நிறைவு தனி. சிறிய செம்புத் துண்டுகள் இரண்டு ஒரு வண்டியின் நம்பகத்தன்மையை முழுவதும் மீட்டுத் தருகின்றன.

சிட்டி கோல்ஃபில் நிலைமை வேறு. அதன் சொலினாய்டைத் திறந்து உள்ளே பழுதுபார்க்க வழியில்லை. தேய்ந்தால் சொலினாய்டை முழுதாக மாற்ற வேண்டும். அது தனியாகவும் கிடைக்கும். அதைவிட முக்கியமானது, அந்த ஸ்டார்ட்டரின் தண்டு முனையைத் தாங்கும் வெண்கல புஷ் ஸ்டார்ட்டருக்குள் இல்லை, கியர்பாக்ஸின் கூட்டில் இருக்கிறது. அந்த புஷ் தேய்ந்தால் தண்டு ஒரு பக்கம் சாய்ந்து, மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சர் உரசி, எஞ்சின் மெதுவாகவும் தடுமாறியும் சுழலும். புதிய ஸ்டார்ட்டர் பொருத்தியும் அதே தொல்லை தொடர்கிறது என்று வருந்துவோர் பலரின் வண்டியில் இந்தச் சிறிய புஷ் மாற்றப்படாமலே விடப்பட்டிருக்கும். மெக்கானிக்கிடம் இதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

முழுப் புதுப்பிப்பு என்பது தொடுமுனை, பிரஷ், புஷ் அல்லது பேரிங், ஒருவழி கிளட்ச் ஆகியவற்றை எல்லாம் பார்த்து, தேய்ந்தவற்றை மாற்றி, கம்யூட்டேட்டரைச் சீவி, சோதனை மேசையில் ஓட்டிப் பார்ப்பது. இரண்டு லட்சம் கிலோமீட்டர் கடந்த வண்டியில் தொடுமுனை மட்டும் தேய்ந்து பிரஷ் புதிதாக இருக்க வாய்ப்பில்லை. எப்படியும் கழற்றப் போகிறோமென்றால் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுவதே சிக்கனம். ஸ்டார்ட்டரை மரக்கட்டையால் மெல்லத் தட்டினால் ஓடுகிறது என்றால் பிரஷின் ஆயுள் முடிந்துவிட்டதற்கு அது தெளிவான அடையாளம். சுத்தியலால் ஓங்கி அடிப்பது மட்டும் வேண்டாம். நிலைக்காந்தம் உள்ள ஸ்டார்ட்டர்களில் காந்தம் விரிசல் விட்டு, பழுதுபார்க்கக்கூடியது பழுதுபார்க்க முடியாததாகிவிடும். சொந்த ஸ்டார்ட்டரைப் புதுப்பிப்பதில் எனக்குள்ள பற்று உணர்ச்சியால் வந்ததல்ல. தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட ஆர்மேச்சரும் உடலும் அந்த வண்டிக்கே உரியவை. அவை எவ்வளவு உழைத்திருக்கின்றன என்பது உரிமையாளருக்குத் தெரியும். குறை ஒன்றே: வேலை முடிய ஒன்றிரண்டு நாள் ஆகும், அதுவரை வண்டி நிற்கும்.

பழையதைக் கொடுத்துப் புதுப்பிக்கப்பட்ட வேறொன்றை வாங்கிக்கொள்ளும் வழியில் அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் நம் ஸ்டார்ட்டரின் நல்ல உடலைக் கொடுத்துவிட்டு, வரலாறு தெரியாத ஒன்றைப் பெற்றுக்கொள்கிறோம். புதுப்பித்தல் என்ற சொல்லுக்குள் ஒழுங்கான வேலையும் அடங்கும். கழுவிப் பெயின்ட் அடித்துப் பிரஷ் மட்டும் மாற்றியதும் அடங்கும். எந்தெந்த உறுப்புகள் மாற்றப்பட்டன என்று எழுத்தில் தரத் தயங்கும் கடையில் வாங்காமல் இருப்பது நல்லது. சுமையின்றிச் சோதனை மேசையில் சுழல்வதை மட்டும் காட்டி நிரூபணம் என்று சொன்னால், அது பாதிச் சோதனைதான். சுமை ஏறும்போதுதான் பலவீனம் வெளிப்படும்.

ஸ்கிராப்யார்டு ஸ்டார்ட்டரைப் பற்றி நீண்டு பேச ஒன்றுமில்லை. அதுவும் நம் வண்டியின் வயதுள்ள இன்னொரு வண்டியில் அதே அளவு தேய்ந்தது. விலை மிகக் குறைவு என்பதால், உடைந்த உடலுக்கு மாற்றாக வாங்கி உள்ளுறுப்புகளைப் புதுப்பித்துக்கொள்ள ஏற்றது. அப்படியே பொருத்த ஏற்றதல்ல.

பெயர் தெரியாத நிறுவனங்களின் மலிவான புதிய ஸ்டார்ட்டர்கள் பார்வைக்குப் பளபளப்பாக இருப்பதால் மனத்தை ஈர்க்கின்றன. அவற்றில் சில நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் எவை என்பதை வாங்கும்போது அறிய வழியில்லை. தேய்ந்த அசலைத் தரமான உறுப்புகளால் புதுப்பிப்பதற்கு ஆகும் செலவும் இதன் விலையும் அருகருகே வரும்போது நான் புதுப்பிப்பதையே தேர்ந்தெடுப்பேன். வாங்குவதானால், பல் சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கை, போல்ட் துளைகளின் இடம், மோட்டாரின் கிலோவாட் அளவு ஆகிய மூன்றும் பழையதோடு பொருந்துகின்றனவா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

அசல் புதியது, அதாவது கார் நிறுவனத்திடமிருந்தோ, டென்ஸோ, பாஷ், வாலியோ போன்று அதற்கு உற்பத்தி செய்து தரும் நிறுவனத்திடமிருந்தோ வாங்குவது, தரத்தில் முதலிடம், விலையிலும் முதலிடம். ஒரே தயாரிப்பு கார் நிறுவனத்தின் பெட்டியில் வரும்போதும் உற்பத்தியாளரின் சொந்தப் பெட்டியில் வரும்போதும் விலை வேறுபடக் கூடும் என்பதால் இரண்டையும் விசாரிப்பது பயன் தரும். எஞ்சின் தானாக நின்று தானாகக் கிளம்பும் வசதியுள்ள புதிய வண்டிகளுக்கு இந்த ஒரு வழிதான் சரி. அவற்றின் ஸ்டார்ட்டரும் பேட்டரியும் பல மடங்கு அதிகமான தொடக்கங்களைத் தாங்கும்படி அமைக்கப்பட்டவை. சாதாரண வகையைப் பொருத்தினால் விரைவில் தேய்ந்துபோகும்.

எந்த வழியானாலும், பல் சக்கரம் சேரும் இடத்தைப் பார்க்காமல் புதியதைப் பொருத்தக் கூடாது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு நிலைகளில்தான் வந்து நிற்கிறது. ஆகவே ஃப்ளைவீலின் ரிங் கியர் அந்த இரண்டு இடங்களில் மட்டும் தேய்கிறது. ஸ்டார்ட்டரைக் கழற்றிய துளை வழியாக விளக்கடித்து, எஞ்சினைக் கையால் முழுச் சுற்று சுழற்றிப் பற்களைப் பார்த்துவிடலாம். பற்கள் உடைந்திருந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டிய வேலை அது; அப்போது கிளட்சையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கும்.

சட்டம் தரும் பாதுகாப்பும் இந்தத் தேர்வில் எடை பெற வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, பழுதுபார்க்கும்போது பொருத்தப்பட்ட புதிய அல்லது புதுப்பிக்கப்பட்ட பாகத்துக்கும், அதைப் பொருத்திய உழைப்புக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் உண்டு. 67-ஆம் பிரிவின்படி, கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேட்டுப் பெறலாம். பழைய தொடுமுனைகளையும் பிரஷ்களையும் கையில் வாங்கிப் பார்த்தால், உண்மையிலேயே மாற்றினார்களா, எவ்வளவு தேய்ந்திருந்தன என்ற இரண்டும் தெரிந்துவிடும். பாகத்தை நாமே ஓரிடத்தில் வாங்கி, வேறொருவரிடம் பொருத்தக் கொடுத்தால் சற்று விலை குறையலாம். ஆனால் கோளாறு திரும்ப வரும்போது பொருத்தியவர் பாகத்தைக் குறைசொல்வார், விற்றவர் பொருத்தியதைக் குறைசொல்வார். விட்டுவிட்டு வரும் கோளாறில் இந்த இழுபறி இன்னும் மோசமாகும், ஏனெனில் எவரிடம் கொண்டுபோனாலும் அந்த நேரத்தில் வண்டி ஓடிக் காட்டிவிடும். பாகத்தையும் வேலையையும் ஒரே கையில் ஒப்படைப்பது இதனால்தான் நல்லது. இன்னும் நிறுவன உத்தரவாதத்தில் உள்ள வண்டிகளைப் பொறுத்தவரை, 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள, வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையத்தின் வழிகாட்டு விதிகள், வெளிப்பட்டறைகளில் பராமரிக்கும் உரிமையை உரிமையாளருக்கு உறுதிப்படுத்தியிருக்கின்றன. ஆனாலும் உத்தரவாதக் காலத்தில் ஸ்டார்ட்டர் பழுதானால் அதை இலவசமாக மாற்றித் தரவேண்டியவர் விற்பனையாளரே என்பதால் முதலில் அங்கே செல்வதுதான் அறிவுடைமை.

விலக்குகளைச் சொல்வதாகக் கூறியிருந்தேன். மருத்துவமனையில் இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் தனியாக வண்டியை எடுக்கும் பெண்ணுக்கும், புனித வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோவிலுக்கு நடக்க இயலாத பெரியவர்களை அழைத்துச் செல்பவருக்கும், நாள்தோறும் பக்கி எனும் சிறு சரக்கு வண்டியில் காய்கறி ஏற்றிச் சந்தைக்குப் போகிறவருக்கும், வண்டி ஒரு நாள் கூட நிற்க முடியாது. அது கிளம்பாமல் போவது பணத்தால் மட்டும் அளக்கக்கூடிய இழப்பும் அல்ல. அவர்கள் அசல் புதியதை வாங்கிப் பொருத்திவிட்டு, கழற்றியதை நிதானமாகப் புதுப்பித்து வீட்டில் மாற்றாக வைத்துக்கொள்வது நியாயமான செலவு. ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளும் இந்த வரிசையில்தான் சேரும், ஏனெனில் அவற்றைத் தள்ளிக் கிளப்ப முடியாது. மேனுவல் கியர் வண்டி வைத்திருந்து, சரிவான வாசலும் தள்ள ஆளும் உள்ளவர்கள் மட்டுமே புதுப்பித்து முடியும்வரை பொறுத்திருக்கலாம். அதுவரை பல்புகள் இரண்டையும் கழற்றாமல், வேலை முடிந்த பின்னும் ஒரு மாதம் அப்படியே விட்டு வைத்தால், மூன்று மாத உத்தரவாதம் முடிவதற்குள் பழுது உண்மையிலேயே தீர்ந்ததா என்பதைக் கண்ணால் பார்த்து அறிந்துகொள்ளலாம்.